பதினெட்டுக்கு இரண்டு நாள் குறைவு

டிக்கெட் கிழிப்பவர் என் மகளின் ஆதார் அட்டையை வாங்கி, முதலில் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கையை முழுதாக நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் எழுத்து தெளிந்திருக்க வேண்டும். கை அங்கே நின்றது. உதடுகள் மெல்ல அசைந்தன. மனுஷர் எதையோ எண்ணுகிறார்.

பூந்தமல்லியில் இரண்டு திரைகள் உள்ள ஒரு தியேட்டரின் வாசல். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக் காட்சி. மகள் தாரிணிக்கு அன்று பதினெட்டாவது பிறந்தநாள். அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் என் மனைவி கலைச்செல்வி, அவளுக்குப் பின்னால் அவள் தம்பி சேகர், சேகருக்குப் பின்னால் பொறுமை என்ற சொல்லையே கேள்விப்படாத இருபது பேர். பாப்கார்ன் இயந்திரத்திலிருந்து, வெண்ணெய் என்று சொல்லப்படுகிற ஏதோ ஒன்றின் வாசனை.

அவர் எண்ணி முடிப்பதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அவசரமில்லை. நிதானமாக எண்ணுகிற மனிதர் அவர்.

பைகளைக் காத்தவள்

தாரிணியைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முன்னதாகச் சேர்த்தது நான். மூன்று வயதுகூட ஆகாதபோது ஒருநாள் அவள் வாரப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். திறந்திருந்த பக்கத்தில் என் நகைச்சுவைக் கட்டுரை. குழந்தை மேதை என்று முடிவு செய்து, அந்த மாதமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என் கட்டுரை எதற்கும் சிரித்ததில்லை.

விளைவு, எந்த வகுப்பிலும் அவள்தான் கடைக்குட்டி. பள்ளியில் அது பெரிதாகத் தெரியவில்லை. கல்லூரியில் தெரிந்தது. கூடப் படிக்கும் ஐந்து பெண்களுக்கும் ஒவ்வொருத்தியாகப் பதினெட்டு ஆகிவிட்டது. இவள் மட்டும் பதினேழிலேயே நின்றாள்.

போன வருஷம் ஆறு பேருமாகச் சேர்ந்து ஒரு படத்துக்குப் போனார்கள். ஏ சான்றிதழ் பெற்ற படம். வாசலில் அட்டை கேட்டார்கள். ஐந்து பேர் உள்ளே, ஒருத்தி வெளியே. அந்த ஐந்து பேரும் அரை நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு நட்பின் அடையாளமாக, தங்கள் பைகளை இவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம், “படம் எப்படி?” என்று கேட்டேன்.

“சவுண்டு நல்லா இருந்துச்சு,” என்றாள்.

கதவு வழியாகக் கேட்ட சத்தத்தைத்தான் சொன்னாள் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்தே தெரிந்தது. இரண்டே முக்கால் மணி நேரம், ஐந்து பைகளுடன், ஒரு மூடிய கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அதில் ஒரு பையிலிருந்து தயிர்சாதம் கசிந்திருக்கிறது. அதையும் துடைத்து வைத்திருக்கிறாள்.

அன்று முடிவு செய்துவிட்டாள். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஏ படம். எந்த ஏ படமாக இருந்தாலும் சரி.

“படத்தைப் பத்தி எனக்குக் கவலையே இல்லப்பா. வாசல்ல நிறுத்தணும். வயசென்னன்னு கேக்கணும். நான் கார்டை எடுத்து நீட்டணும். உள்ள விடணும். அவ்ளோதான்.”

இதைவிட எளிய ஆசையோடு ஒரு பெண் பதினெட்டு வயதை அடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்கூட்டர் கேட்பாளோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள்

பிறந்தநாளுக்குச் சினிமா என்பது என் வழி வந்த வழக்கமில்லை. மாமனார் வீட்டுச் சீதனம்.

கலைச்செல்வி பிறந்து வளர்ந்தது ஆவடியில், படைத்துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் தர்மபுரி, எதிர்வீடு நாகர்கோவில், மாடியில் கடலூர். வீட்டுக்கு வீடு ரசம் வேறு, சாமி வேறு, தலைதீபாவளிச் சண்டை வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வரிசை முழுக்க ஒரே சட்டம். குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் குடும்பத்தோடு சினிமா. தொழிற்சாலைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஆகவே, பிறந்தநாள் வாரத்தில் எந்தக் கிழமை வந்தாலும் அதற்கு முந்தின ஞாயிறே பிறந்தநாள்.

“பிந்தின ஞாயிறு வச்சா என்ன?” என்று புது மாப்பிள்ளையாக இருந்தபோது மாமனாரிடம் ஒருமுறை கேட்டேன்.

என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நடுவுல வெள்ளிக்கிழமை வருதுல்லா? படத்தத் தூக்கிட்டாம்னா?” என்றார். பிறந்தநாள் எங்கும் ஓடிவிடாது, படம் ஓடிவிடும். இந்தத் தர்க்கத்தில் எனக்கு அன்றும் பிழை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இப்படியாக அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமையில் பிறந்தவர்களாகவே வளர்ந்தார்கள். தான் பிறந்தது ஒரு வியாழக்கிழமை என்பதைக் கலைச்செல்வி எங்கள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதுதான் அறிந்தாள். சோசியரோடு வாதாடினாளாம்.

சட்டத்துக்கு ஓர் உட்பிரிவு உண்டு. படத்தைத் தேர்ந்தெடுப்பவர் பிறந்தநாள்காரர். மற்றவர்கள் மறுபேச்சுப் பேசாமல் வந்து, கடைசிவரை உட்கார வேண்டும். இதன்படி, மகளின் தயவில் நான் ஒரு மீன் பேசிய படத்தை இரண்டு முறையும், ஒரு கரடி பரதநாட்டியம் ஆடிய படத்தை ஒரு முறையும் பார்த்திருக்கிறேன்.

பழிவாங்க எனக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் கிடைக்கும். ஒருமுறை உலக விழாக்களிலெல்லாம் கொண்டாடப்பட்ட படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கிழவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். அரை மணி கழிந்ததும் சேகர் என் காதோரம் குனிந்தான்.

“அத்தான், பொட்டி ஸ்ட்ரக் ஆயிட்ச்சா, இல்ல படமே இப்டித்தானா?”

சேகரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவடியிலேயே பிறந்தவன், சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். அவன் வாயில் ‘அத்தான்’ என்பது மட்டும்தான் திருநெல்வேலி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆவடி.

அணில், அம்மன், அப்பா

பிறந்தநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, திருவேற்காட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மாநாடு கூடியது. தாரிணி கைப்பேசியைப் பார்த்து, அன்று வெளியான படங்களின் பட்டியலை வாசிக்கத் தொடங்கினாள். குரலில் இருந்த உற்சாகம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி இறங்கியது.

“ஒண்ணு, அணில் படம். டப்பிங் கார்ட்டூன். யூ.”

“அடுத்தது?”

“அம்மன் படம், த்ரீ-டில. அதுவும் யூ.”

“அம்மனப் பாக்கறதுக்குப் பூந்தமல்லிக்கு எதுக்குடி போவணும்? ரெண்டு தெரு தள்ளி இருக்கா. ஏசியும் வேணாம், கண்ணாடியும் மாட்ட வேணாம்,” என்றாள் கலைச்செல்வி.

மூன்றாவது, பெரிய கதாநாயகன் நடித்த அடிதடிப் படம். பதிமூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. தாரிணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“டிரெய்லர்லயே எண்பது பேர் செத்துட்டாங்க! இதுக்கே ஏ குடுக்கலன்னா வேற எதுக்குத்தான் குடுப்பாங்க?”

“ஹீரோ தம்மு அடிக்கல பாரு,” என்றான் சேகர். “ஒயுக்கமா வெட்டிகினு கீறான்.”

நான்காவது, அப்பா-மகள் பாசப் படம். கலைச்செல்வியின் முகம் மலர்ந்தது. “இது நல்லாருக்குமே! அவரும் பொண்ணும் மலைக்கெல்லாம் போறாங்க.”

“அம்மா, அப்பா பொண்ணு பாசத்த வீட்டுல தெனமும் பாக்கறோம். அதுவே ஓவர்.”

நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வருத்தத்தில் நியாயம் இருந்தது. முந்தின மாதம் முழுக்க வாரத்துக்கு இரண்டு ஏ படமாவது வந்தது. ஒன்றில் ரத்தம், ஒன்றில் கெட்ட வார்த்தை, ஒன்றில் இரண்டும். சரியாக இவளுக்குப் பதினெட்டு ஆகிற வாரம் பார்த்துத் தமிழ்த் திரையுலகம் மொத்தமும் திருந்திவிட்டது. குளித்து, விபூதி பூசி, கைகட்டி நின்றது.

“அப்பா, நீங்க ஏதாவது பண்ணினீங்களா?” என்றாள்.

“தணிக்கைக் குழுவுல எனக்கு அவ்ளோ செல்வாக்கு இருந்தா நான் ஏன் அம்பத்தூர்ல போல்ட் அளந்துகிட்டு இருக்கேன்?” என்றேன். (அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தொழிற்சாலையில் தரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நகைச்சுவை எழுதுவது, தரம் பார்க்க ஆளில்லாத உபதொழில்.)

“அப்புறம் ஏன் உங்க முகத்துல இவ்ளோ சந்தோஷம்?”

செய்தித்தாளை இன்னும் உயர்த்தினேன்.

உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தேன். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏ படம் பார்க்கும் நடுத்தர வயதுத் தமிழ்த் தகப்பன் எந்தக் காட்சியில் எந்தத் திசையில் பார்ப்பது என்று பல நாட்களாகவே கவலை. தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவது என்று ஒரு திட்டம்கூட வைத்திருந்தேன்.

அப்போது சேகர் அவள் கையிலிருந்த கைப்பேசியை எட்டிப் பார்த்தான்.

“த்தோ, கீய இன்னொண்ணு கீது பாரு. ரீ-ரிலீசு. பயய பேய்ப் படம். கெணத்துலேர்ந்து ஒரு கை வருமே, அத்தான், அந்தப் படம்! பக்கத்துல ‘ஏ’ன்னு போட்டுக்கீது!”

“ரீ-ரிலீசா?” தாரிணியின் முகம், நேற்றைய உப்புமாவைச் சூடு பண்ணிக் கொடுத்ததுபோல் ஆனது. “பொறந்தநாளுக்குப் பழைய படமா? அதுவும் அப்பா காலத்துப் பேயா?”

“பேய்க்கு இன்னா கண்ணு வயசு?”

திரையில் அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“சரி. புக் பண்ணுங்க மாமா.”

“பதினெட்டு வயசு ஆயிட்ச்சான்னு கேக்குது.”

“ஆச்சு. அழுத்துங்க.”

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். அந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

முருங்கைக்காயின் மகிமை

அப்போது எனக்குப் பதினைந்து வயது. அம்பத்தூரில் ஒரு தியேட்டர். இப்போது அந்த இடத்தில் மாவு, மசாலா, மிதியடி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிறார்கள். படம் வந்த முதல் நாளே, பார்த்த இரண்டு பேர் மயங்கி விழுந்துவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சு. போகாமல் இருக்க முடியுமா?

வாசலில் இருந்தவர் மீசையை வைத்து வயதை எடைபோடுகிறவர். எனக்கு மீசை இல்லை. நண்பர்கள் மையால் வரைந்துகொண்டு போய் மாட்டிக்கொண்டார்கள். நான் யோசித்தேன். அம்மா கொடுத்த மார்க்கெட் பையை எடுத்துக்கொண்டு போய், அரைக் கிலோ கத்தரிக்காயும் நாலு முருங்கைக்காயும் வாங்கினேன். முருங்கைக்காய்கள் பைக்கு வெளியே அரை முழம் நீட்டிக்கொண்டிருந்தன. முகத்தில் கொஞ்சம் அலுப்பை வரவழைத்துக்கொண்டு, வரிசையில் நின்றேன்.

காய்கறிப் பையோடு வருகிறவனை யாரும் வயது கேட்பதில்லை. “தள்ளுப்பா, சார் போகட்டும்,” என்று வழிவிட்டார் அந்த மனிதர். வாழ்க்கையில் என்னை முதன்முதலாக ‘சார்’ என்றவர் அவர்.

இதுவரை நடந்ததைத் தாரிணிக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வேறுமாதிரி சொல்லியிருக்கிறேன். ‘கிணற்றிலிருந்து கை வந்தபோது ஊரே அலறியது, நான் மட்டும் சிரித்தேன்’ என்பது என் வீட்டுப் பிரசுரம். இங்கே திருத்தம் வெளியிடுகிறேன். கை வந்தபோது என் முகம் பைக்குள் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு பெரும்பாலும் கத்தரிக்காயைத்தான் பார்த்தேன்.

எண்ணி முடித்தார்

ஞாயிறு காலை கேக் வெட்டினோம். பதினெட்டு மெழுகுவர்த்தி. சேகரின் காரில், மெட்ரோவுக்காகத் தோண்டியதில் மிச்சமிருந்த சாலையில் போய்ச் சேர்ந்தோம். ஆதார் அட்டையைக் காரில் ஏறியதிலிருந்தே தாரிணி கையில் வைத்திருந்தாள்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் இருந்தார். அறுபது வயதிருக்கும். காக்கிச் சட்டை, கழுத்தில் கயிற்றோடு தொங்குகிற கண்ணாடி. அந்தக் கண்ணாடியை அவர் கடைசிவரை போடவேயில்லை. கைப்பேசியில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தார், எங்கள் நான்கு பேரையும் பார்த்தார், “போங்க, போங்க,” என்று கையை ஆட்டினார்.

தாரிணி நகரவில்லை.

“அண்ணா, இது ஏ படம்.”

“ஆமாம்மா. உள்ள போ.”

“வயசு கேக்கலையே?”

“அதான் நைனா கூட கீறாரே. அப்பால இன்னா?”

அவள் அட்டையை நீட்டினாள். “இல்லண்ணா. நீங்க பாக்கணும். ப்ளீஸ்.”

அவர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரிப் பிள்ளையை எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்பதுபோல் இருந்தது. பிறகு அட்டையை வாங்கி, முதலில் பக்கத்தில், பிறகு தூரத்தில்... அதைத்தான் தொடக்கத்திலேயே சொன்னேன்.

எண்ணி முடித்தார்.

“சார், இன்னிக்கு இன்னா தேதி?”

சொன்னேன்.

“அப்போ பாப்பாக்கு நாளன்னிக்குத்தான் பதினெட்டு ஆவுது. செவ்வாக்கெயமை. இன்னிக்குப் பதினேயுதான்.”

எங்கள் நான்கு பேருக்கும் அந்தத் தேதி தெரியாமல் இல்லை. எத்தனையோ விண்ணப்பங்களில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தில் எழுதுவதற்கு ஒரு தேதி, கேக் வெட்டுவதற்கு ஒரு ஞாயிறு என்று பதினேழு வருஷமாக இரண்டும் தனித்தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தன. ஒன்றையொன்று அவை சந்தித்ததே இல்லை. பூந்தமல்லி தியேட்டர் வாசலில் சந்தித்துக்கொண்டன.

“ஐயையோ, ஆமால்ல!” என்றாள் கலைச்செல்வி.

“பெத்தவ நீ, உனக்கே ஞாபகம் இல்லையா?” என்றேன் மெதுவாக.

“நீங்கதான் ஃபாரம் எல்லாம் எழுதினது!”

சேகர் முன்னால் வந்தான். “அண்ணாத்தே, ரெண்டு நாளு. ரெண்டே நாளு. அதுக்குள்ள பொண்ணு இன்னா எட்டடி வளந்துரப் போவுதா?”

“நான் பாக்காம வுட்டுகினு இருந்தேன் நைனா,” என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. “பாப்பாதான் பாரு பாருன்னுச்சு. இப்போ பாத்துட்டேன். பாத்ததுக்கு அப்பால வுட்டா, அது தப்பு என்னுதாயிரும்.”

இதற்குப் பதில் சொல்ல எந்த வக்கீலாலும் முடியாது. பின்னால் வரிசையில் சிரிப்புத் தொடங்கிவிட்டது. “சார், பாப்பாவ அணில் படத்துக்கு இட்டுகினு போங்க சார்! பலூன் தராங்க!” என்றது ஒரு குரல்.

தாரிணியின் காது நுனி சிவந்தது. மகளின் அந்தச் சிவப்பை அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், சவுண்டு நல்லா இருந்துச்சு என்று சொன்ன அன்று.

அந்த மனிதருக்கும் மனசு கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். “சரி, நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன். சட்டுனு போயிடும்மா,” என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே முதுகைக் காட்டி நின்றார்.

“போ, போ,” என்று அவள் தோளைத் தள்ளினேன். முருங்கைக்காயோடு உள்ளே போனவனின் ரத்தம்.

அவள் போகவில்லை. அவர் திரும்பும்வரை காத்திருந்தாள். திரும்பினார்.

“வேணாண்ணா. செவ்வாக்கிழமை படம் இருக்குமா?”

“வியாயன் வரைக்கும் கீது. பதினொண்ணரை ஷோ மட்டும்.”

“நீங்க இருப்பீங்களா?”

“நான் எங்கம்மா போவப் போறேன்?”

அட்டையை வாங்கிக்கொண்டாள். அவரே யாரிடமோ பேசி எங்களை இரண்டாவது திரைக்கு அனுப்பி வைத்தார். அணில் படம். அரங்கில் எங்களைத் தவிர எல்லோருக்கும் பால் பல். தாரிணிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த நாலு வயதுப் பெண், “அக்கா, நீங்க யார்கூட வந்தீங்க?” என்று கேட்டது. “எங்க அப்பாகூட,” என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அணில் காட்டில் வழி தவறிப் போனபோது சேகர் மட்டும் அழுதான்.

திரும்பி வரும்போது காரில் ஒரு சட்டச் சிக்கல். குடியிருப்புச் சட்டப்படி, பிறந்தநாள்காரர் தேர்ந்தெடுத்த படத்தைக் குறை சொல்லக் கூடாது. இந்தப் படத்தை யார் தேர்ந்தெடுத்தது என்றே தெரியாததால் அதைச் சொல்லலாமா கூடாதா என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தாள். “நாளைக்குக் காலேஜ் போகல. பதினொண்ணரை ஷோவுக்குப் போறேன்.”

“நானும் லீவ் போடறேன்,” என்றேன். “சேர்ந்தே போவோம்.”

“வேணாம்ப்பா.”

“ஏன்?”

“நீங்க கூட வந்தா என்னை யாருமே கேக்க மாட்டாங்க.”

கலைச்செல்விக்குக் கவலை. தனியாக ஒரு பெண், பேய்ப் படத்துக்கு, அதுவும் ஏ. கூட சேகரையாவது அனுப்பலாம் என்றாள். “அணிலுக்கே அழுவற ஆள இதுக்கு அனுப்பறியா?” என்றாள் மகள். பேச்சு அத்தோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். நான் அம்பத்தூருக்குப் போனேன். பதினொன்றரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பதுக்கு, ‘விட்டாரா?’ என்று ஒரு செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு கேள்விக்குறி. அதற்கும் இல்லை. ஒரு மணிக்கு இடைவேளை வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு இன்னொன்று. அன்று நான் தேறியதாக முத்திரையிட்ட போல்ட்டுகளை யாராவது வாங்கியிருந்தால், தயவுசெய்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டாரா?”

“கேக்கல.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. “ஏன்? மறந்துட்டாரா?”

“இல்லப்பா. நான் வரிசைல நிக்கறப்பவே பாத்துட்டார். கிட்ட போனதும் கையை நீட்டினார். கார்டைக் குடுத்தேன். மறுபடியும் அதே மாதிரி பக்கத்துல, தூரத்துல எல்லாம் வச்சுப் பாத்தார். திருப்பிக் குடுத்தார். டிக்கெட்டைப் பாத்தார். போன்னார்.”

“வாழ்த்துச் சொல்லலையா? ஒரு சிரிப்பாவது?”

“எதுக்கு? முன்னாடி போனவருக்குச் சிரிச்சாரா? பின்னாடி வந்தவருக்குச் சிரிச்சாரா? எல்லாரையும் எப்படிப் போன்னாரோ அப்படித்தான் சொன்னார்.” “செமயா இருந்துச்சுப்பா.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எந்தப் பரிசுக்கும் அந்த முகம் வந்ததில்லை.

“படம்?” என்றேன்.

“படு மொக்கை. கெணறு அட்டைல பண்ணினதுன்னு அப்பட்டமாத் தெரியுது. கைக்கு வாட்ச் கட்டின தழும்பு இருக்கு. இதுக்கா ஏ குடுத்தாங்க? மொத்தமே பதினஞ்சு பேர்தான் இருந்தோம். எல்லாரும் உங்க வயசு. டயலாக்க முன்னாடியே சொல்லிட்டே இருந்தாங்க.”

“பயப்படலையா?”

“இன்டர்வெல் வரைக்கும் தூக்கம் வராம இருக்கறதே பெரும்பாடு. அப்புறம் எழுந்து போயி சமோசா வாங்கிட்டு வந்தேன்.”

அவள் தனியாக எழுந்து போய், என் வயது ஆண்களுக்கு நடுவில் வரிசையில் நின்று, சமோசா வாங்கி, விளக்கணைந்த பிறகு திரும்பி வந்து, யார் கையையும் பிடிக்காமல் படிகளில் இறங்கித் தன் இருக்கையைத் தேடி உட்கார்ந்ததை நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் மூன்றாவது செய்தியை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சமோசாவாவது நல்லா இருந்துச்சா?” என்றேன்.

“சூப்பரா இருந்துச்சு. ரெண்டு வாங்கினேன். ஒண்ணு உங்களுக்கு எடுத்துட்டு வரலாம்னுதான் வச்சிருந்தேன்.”

“எங்கே?”

“இல்லப்பா,” என்றாள் தாரிணி. “ரெண்டையும் நானே சாப்ட்டுட்டேன்.”